பத்து நிமிட வேலைக்கு 300 ரூபாயா?

தாம்பரம் பக்கம் சொந்த வீடு, கொல்லையில் நான்கு தென்னை. முன்பு மரத்துக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு காய் போட்டுவிட்டுப் போனவர் இப்போது 300 கேட்கிறார். ஒரு மரத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை, அப்படியானால் மணிக்கு 1,800 ரூபாய் ஆகிறதே, பொள்ளாச்சியில் இருபது முப்பது ரூபாய்க்கே ஏறுகிறார்களாமே, எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஒரு தொகையை. ஆனால் கேள்வியை இரண்டு முறை படித்தபோது, உங்களை உறுத்துவது அந்த 300 அல்ல, அந்தப் பத்து நிமிடம்தான் என்று தோன்றியது. கண்ணுக்கு முன்னால் நடக்கிற பத்து நிமிடத்துக்கு இவ்வளவு பணமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்கிறேன். தொகை தானாக வந்து சேரும்.

ஆனைமலைப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குத் தோப்பு உண்டு. நான் வேளாண்மை படித்தவன். பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தென்னைப் பராமரிப்பையும் மரம் ஏறுகிற பயிற்சியையும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கூலி கொடுக்கிற பக்கத்திலும் நின்றிருக்கிறேன், பயிற்சி முடித்த பையன்களுக்காகக் கூலி பேசித் தருகிற பக்கத்திலும் நின்றிருக்கிறேன்.

முதலில் பொள்ளாச்சிக் கணக்கை ஒதுக்கி வைத்துவிடலாம், ஏனென்றால் அது வேறு வேலை. தோப்பில் 25 அடிக்கு ஒரு மரம் என்ற இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம் நிற்கும். ஒரு மரத்திலிருந்து இறங்கினால் பத்து எட்டில் அடுத்த மரம். பழகிய கை ஒரு நாளில் நாற்பது ஐம்பது மரம் ஏறி இறங்கும். மரம் உயரமில்லாத தோப்பில் ஏறவே வேண்டாம், நீளக் குச்சியின் நுனியில் அரிவாளைக் கட்டித் தரையில் நின்றே குலையை அறுத்துவிடுவார்கள். காய் எங்கே விழுந்தாலும் கவலையில்லை. உங்கள் வீட்டில் அப்படியில்லை. கீழே ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இன்னொரு பக்கம் கார், மதில் மேலே மின்கம்பி, பக்கத்து வீட்டுச் சோலார் தகடு. ஒவ்வொரு குலையையும் கயிறு கட்டி மெல்ல இறக்க வேண்டும், கீழே கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும். நான்கு மரத்தை முடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டைத் தேடிப் போக வேண்டும். அது சேலையூரிலும் இருக்கலாம், வண்டலூரிலும் இருக்கலாம். மணிக்கு 1,800 என்ற கணக்கு, அவர் ஒரு மணி நேரத்தில் ஆறு மரம் ஏறினால்தான் சரி. நகரத்தில் யாருக்கும் அது நடக்காது.

எனவே நிமிடத்திலிருந்து மேலே போகாமல், வருடத்திலிருந்து கீழே இறங்கி வாருங்கள். இனி சொல்லும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, உங்கள் ஊர் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்கு மூன்று வீடு, எட்டு மரம் என்று வைப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் தண்டு வழுக்கும், ஏற முடியாது. கை கால் வலிக்கு ஓய்வு வேண்டும். யாரும் கூப்பிடாத நாளும் இருக்கும். வருடத்தில் 180 நாள் வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். 180 நாள், எட்டு மரம், 300 ரூபாய் என்றால் 4,32,000. கயிறு பிடிக்கிற ஆளுக்கு நாளுக்கு 700 ரூபாய் என்றால் 1,26,000 போகிறது. பெட்ரோல், அரிவாள், கயிறு எல்லாம் சேர்த்து நாளுக்கு 150 என்றால் 27,000. மிச்சம் 2,79,000, மாதத்துக்கு 23,250. இதே ஆள் இதே நாட்களில் 100 ரூபாய்க்கு ஏறியிருந்தால் வரவு 1,44,000, செலவு 1,53,000. அதாவது நஷ்டம். அப்படியானால் அந்தக் காலத்தில் எப்படி ஓட்டினார்? கீழே ஆள் வைக்காமல் தனியாக வந்தார். காயை அப்படியே தள்ளிவிட்டார். ஒரு நாளில் உடம்புக்குத் தகாத அளவு மரம் ஏறினார்.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். கொத்தனாருக்கு நாளுக்கு 1,100 கொடுத்து, வருடத்தில் 280 நாள் வேலை கிடைத்தால் 3,08,000. என் கணக்குப்படி, 300 ரூபாய்க்கு ஏறுகிறவர் வருடக் கடைசியில் கொத்தனாரைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கொத்தனார் அறுபது வயதிலும் கரண்டி பிடிப்பார். மரம் ஏறுகிறவருக்கு நாற்பத்தைந்து தாண்டும்போதே முட்டியும் தோளும் பேச ஆரம்பித்துவிடும். இருபது வயதில் தொடங்கினால் இருபத்தைந்து வருடச் சம்பாத்தியம். அதில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், கிழ வயதையும் ஓட்ட வேண்டும். பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை.

ஆபத்தைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். எங்கள் தோப்புக்கு வழக்கமாக வந்தவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எனக்குத் தென்னையில் தெரிந்ததில் பாதி அவர் சொல்லிக்கொடுத்தது. ஒரு கார்த்திகை மாதம், முந்தின இரவு பெய்த ஈரம் காயாத காலையில், அவசரமாக லோடு ஏற்ற வேண்டும் என்று எங்கள் வீட்டில் வற்புறுத்தியதால் ஏறினார். மட்டைகள் கூடுகிற உச்சியான கொண்டைக்குள் கை வைத்து உட்காரப் போகும்போது, பார்க்கப் பச்சையாக இருந்த ஒரு மட்டை அடியில் இற்றுப்போயிருந்தது. கையோடு வந்துவிட்டது. உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. எங்கள் குடும்பம் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றது, சில மாதம் பணம் கொடுத்தது, அப்புறம் நிறுத்திவிட்டது. அவர் அதற்குப் பிறகு பதினோரு வருடம் படுக்கையில் இருந்தார். அத்தனை வருடம் அவர் ஏறிய ஏற்றத்தில் எங்களுக்கு வந்த வருமானத்தையும் நாங்கள் கொடுத்ததையும் நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, ஆபத்தும் நாள் கணக்கும் போகட்டும். உங்கள் 300 ரூபாயில் யாரும் கவனிக்காத பங்கு ஒன்று இருக்கிறது, அது அவருடைய அறிவு. தென்னைக்கு ஒரே ஒரு குருத்து. மாமரம்போல ஒரு கிளை போனால் இன்னொரு கிளை வராது. குருத்து செத்தால் மரம் செத்தது. அந்தக் குருத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையில் அரிவாளோடு வேலை செய்கிற ஒரே மனிதர் அவர்தான். தெரிந்தவர் ஏறுவதற்கு முன்னால் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு கசிகிறதா என்று பார்ப்பார். அது தஞ்சாவூர் வாடல் என்கிற அடித்தண்டழுகலாக இருக்கலாம், அப்படிப்பட்ட மரத்தில் ஏறுவதே பிசகு. தண்டில் ஓட்டையும், அதிலிருந்து மென்று துப்பியதுபோல் நாரும் தெரிந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. மேலே போனதும் குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்ப்பார். உட்காருவதற்கு முன் ஒவ்வொரு மட்டையின் அடியையும் அரிவாளின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். திடமான மட்டைக்கு ஒரு சத்தம், இற்றதற்கு வேறு சத்தம். அதைப் புத்தகத்தில் எழுதிக் காட்ட முடியாது, நானும் மரத்தடியில் நின்று கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

அப்புறம் மட்டையடியில் வலைபோல் இருக்கும் பன்னாடையை விலக்கி, காய்ந்த பாளையை இழுத்துப் போட்டு, கொண்டையைச் சுத்தம் செய்வார். குருத்து ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டிய விசிறிபோல் இருந்தால் காண்டாமிருக வண்டு குடைந்திருக்கிறது. வண்டு குடைந்த காயத்தில்தான் கூன்வண்டு பின்னாலேயே வந்து முட்டையிடும். அதனால் குருத்தைச் சுற்றியுள்ள உள் மட்டை இடுக்கு மூன்றில், இடுக்குக்கு ஒன்றாக அந்துருண்டை வைத்து மேலே மணலைப் போட வேண்டும், 45 நாளுக்கு ஒருமுறை. அல்லது வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மரத்துக்கு 150 கிராம். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதைக் கொண்டுபோய் வைக்க ஆள் மேலே ஏறித்தான் ஆக வேண்டும்.

தெரியாதவர் ஏறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். வேகமாக முடிக்கப் பச்சை மட்டையை அடியோடு வெட்டித் தள்ளுவார். மட்டை தாங்காத குலை சாய்ந்து, காய் முற்றுவதற்கு முன்பே முறியும். பச்சை மட்டை வெட்டிய வாசனைக்குக் கூன்வண்டு வரும். அதனால்தான் வெட்டியே ஆக வேண்டும் என்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர், அதாவது நாலு அடி விட்டு வெட்டச் சொல்கிறோம். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் கொத்திப் படி வைப்பவர்களும் இருக்கிறார்கள். தென்னைத் தண்டில் ஒருமுறை விழுந்த வெட்டு ஆறி மூடாது, மரம் இருக்கும்வரை அப்படியே நிற்கும். காலில் தளை என்கிற கயிற்று வளையம் போட்டு ஏறுகிற நல்ல ஆள் இறங்கியபின் மரத்தைப் பார்த்தால் ஒரு கீறல் இருக்காது. 100 ரூபாய்க்கு வந்தவர் உங்கள் மரத்தில் படி வெட்டியிருக்கிறாரா என்று நாளைக் காலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இப்போதுதான் மெஷின் வந்துவிட்டதே, வேலை சுலபமாகிவிட்டதே என்று சிலர் சொல்வதுண்டு. கண்ணூர் மாவட்டம் செம்பேரி ஊர்க்காரர் ஒருவர் உருவாக்கிய, இரண்டு கம்பி வளையத்தில் மிதித்து ஏறும் கருவி நல்ல கருவி. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் கருவியும் நல்லது. பரம்பரையாக ஏறாத குடும்பத்துப் பையன்களும் பெண்களும் இந்த வேலைக்கு வர முடிந்தது அவற்றால்தான். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ பயிற்சியும் இத்தகைய கருவியை வைத்துத்தான் நடந்தது. ஆனால் கருவி கொண்டையின் அடிவரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மட்டைக்குள் புகுந்து வேலை செய்வது பழைய மாதிரியேதான். வேகமும் அதிகமாகிவிடாது. தளையில் ஏறுகிற தேர்ந்த ஆள் கருவிக்காரரைவிட முன்னால் முடித்துவிடுவார்.

விலை ஏன் திடீரென்று ஏறியது என்றால், ஆள் இல்லை. ஆள் ஏன் இல்லை என்பதை நேராகச் சொல்ல வேண்டும். ‘மரமேறி’ என்ற சொல்லையே வசவாக வைத்திருந்த ஊர் நம் ஊர். கூலியாக மரத்துக்கு ஒன்றோ இரண்டோ காயைக் கொடுத்து, அதிலும் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவர்கள் உண்டு. அப்பா பட்ட அவமானத்தைப் பார்த்த பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போனான். அவன் போனது முற்றிலும் சரி. இத்தனை காலம் குறைத்துக் கொடுத்ததன் பலன்தான் இன்றைய விலை என்பது என் முடிவு. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு வேறு காரணங்களையும் சேர்ப்பார்கள், அதை மறுக்கவில்லை.

இதில் எது உறுதி, எது பேச்சுக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். மரத்தைப் பற்றிச் சொன்னது உறுதி. சட்டத்தில் ஓர் அடித்தளம் இருப்பதும் உறுதி: மரத்துக்கு இவ்வளவு என்பதுபோல் உருப்படிக் கணக்கில் வேலை வாங்கினாலும், அந்த வேலைக்கு நேரக் கணக்கில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்று 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொன்னது, அதன் இடத்தில் வந்த 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தக் கொள்கை இருக்கிறது. தோப்பு வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு நாள் வந்து நான்கு மரம் ஏறிவிட்டுப் போகிறவருக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பது வாதத்துக்குரியது, நான் வக்கீல் அல்ல. ஆனால் குறைந்தபட்சக் கூலி என்பது தரையில் நின்று செய்கிற வேலைக்கு அரசு போட்ட கோடு. அறுபது அடி உயரத்தில் செய்கிற தேர்ந்த வேலைக்கு அதை அளவுகோலாக வைக்க என் மனம் ஒப்பவில்லை. மேல் வரம்பு எது என்பது பேச்சுக்குரியது. தாம்பரத்தில் 300 சரி, 350 அதிகம் என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் மரத்தின் உயரம், கீழே என்ன இருக்கிறது, அவர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்தது அது. 100 குறைவு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் 300 நியாயமான எல்லைக்குள் இருக்கிறது, காய் போடுவதற்கு மட்டும்.

கொண்டை சுத்தம் செய்வதையும் மருந்து வைப்பதையும் அந்த 300-க்குள் அடக்காதீர்கள். மரத்துக்கு இவ்வளவு என்று பேசினால், அடுத்த மரத்துக்கு ஓடுவதுதான் அவருக்கு லாபம். நிதானமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு நேரத்தைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். காய் போட மரத்துக்கு 300, நான்கு மரத்துக்கும் பராமரிப்புக்கு அரை நாள் கூலி தனியாக என்று பேசிப் பாருங்கள். ஏறுவதற்கு முன்பே பேசுங்கள், இறங்கியபின் வேண்டாம்.

செலவைக் குறைக்க வேண்டுமானால் அதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. அவருடைய கூலியைக் குறைக்காமல், அவருடைய வீண் நேரத்தைக் குறையுங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் தென்னை இருக்கிறது என்று விசாரியுங்கள். நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே காலையில் பதினைந்து மரம் கொடுத்தால் அவருக்குப் பெட்ரோலும் அலைச்சலும் மிச்சம். மரத்துக்கு 220, 230-க்கு அவரே இறங்கி வருவார், நாள் முடிவில் அவர் கையில் பணமும் கூடுதலாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இன்ன தேதி என்று நிரந்தரமாகச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மரத்தையும் ஒரே ஆள் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

காப்பீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வங்கிக் கணக்கு இருந்தால் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தாலோ முழுமையாக ஊனமானாலோ 2 லட்சம் கிடைக்கும், 18 முதல் 70 வயதுவரை சேரலாம். தென்னை ஏறுபவர்களுக்கென்றே கேரா சுரக்ஷா என்ற காப்பீட்டைத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்துகிறது, பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுகிறது. தொகை அவ்வப்போது மாறுவதால் வாரியத்தின் சென்னை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவரிடம் “அண்ணே, இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள், அவருடைய பங்கையும் நீங்களே கட்டுங்கள். நான்கு மரத்துக் காயில் இரண்டு காய் விலைகூட ஆகாத செலவு, சுரக்ஷா பீமாவுக்கான அந்த 20 ரூபாய்.

மின்கம்பி பக்கத்தில் இருக்கிற மரத்துக்கு, அவர் வருகிற அன்று மின்வாரிய ஆளைக் கூப்பிட்டு இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். பச்சை ஓலையில் மின்சாரம் பாயும். அப்புறம், இப்போது புரட்டாசிக்குள் ஒருமுறை அவரை வரவழைத்து, காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் இறக்கிவிடுங்கள். மழை பிடித்தபிறகு கூப்பிட்டால் தண்டு காயட்டும் என்பார். எத்தனை நாள் ஆனாலும் காத்திருங்கள், ஏறச் சொல்லாதீர்கள்.